கரை ஒதுங்கிய மீன்

அந்த ஃபேனக் கொஞ்சம் குறைச்சு வையுங்க தம்பி, தாளெல்லாம் பறக்குது. அவசரமில்ல. நான் பைய சொல்லுதேன், நீங்க எழுதிக்கிடுங்க. முப்பத்தி நாலு வருசம் பிள்ளைகளுக்கு நோட்ஸ் சொன்ன வாய் இது. எழுதுத கையோட வேகத்துக்குப் பேச எனக்குத் தெரியும்.

பேரு சண்முகசுந்தரி. வயசு அறுபத்தி மூணு. உயிரியல் ஆசிரியையா இருந்து ஓய்வு வாங்கினவ. கல்யாணம் பண்ணிக்கிடல. ஊரு சடையன்பேரி, ஆழ்வார்குறிச்சியில இருந்து கெழக்க கொஞ்ச தூரம். சடையன்பேரி குளம் காக்கும் குழுவுக்கு நான்தான் தலைவி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதயும் சேத்து எழுதினாத்தான் வாக்குமூலம்.

வந்த காரியத்த மொதல்ல சொல்லிருதேன். குளத்துல விஷத்தக் கலந்து பறவைகளையும் இசக்கியம்மாளையும் கொன்னான்னு தேவமணிய உள்ள வச்சிருக்கீங்கள்லா, தீம் பார்க் கம்பெனிக்குப் போர் போட வந்தவன், அவன விட்டுருங்க. இன்னையோட நாப்பத்தேழு நாள் ஆவுது. அவன் ஒரு பாவமும் அறியாதவன். நாசரேத் பக்கத்து ஆளு, வீட்டுல பொண்டாட்டி மாசமா இருக்கா. இம்புட்டு நாள் கழிச்சு எதுக்கு வந்து சொல்லுதீங்கன்னு கேப்பீங்க. அதுக்கும் வாரேன்.

எங்க குளத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தைப்பூசத்துல இருந்து ஆடி ஒண்ணாந்தேதி வரைக்கும் ஒருத்தரும் வலை எறக்கப்படாது, தூண்டில் போடப்படாது. கல்யாண வீட்டுலயும் வெடி கிடையாது. கொட்டு மேளம் ஊர் எல்லையோட நின்னுரும். அது பறவைக கூடு கட்டிக் குஞ்சு பொரிக்குத காலம். மஞ்சமூக்கு நாரை, கூழக்கடா, கரண்டிவாயன் எல்லாம் குளத்துக் கருவ மரத்துலயும் ஊருக்குள்ள நிக்க புளியமரத்துலயும் கூடு வைக்கும். அந்த ஆறு மாசத்து மீனு அதுகளுக்கு. சாஸ்தா முன்னால சூடம் அணைச்சு எடுத்த முடிவுன்னு சொல்லுவாவ, எப்பம் எடுத்ததுன்னு ஆருக்கும் தெரியாது. ஆடி ஒண்ணுக்கு ஊர் கூடி மீன்பாசி ஏலம் விட்ட பொறவுதான் மனுசனுக்கு மீனு. மீறிப் பிடிச்சவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் போகமாட்டாவ. எனக்கு விவரம் தெரிஞ்சு ஒரே ஒருத்தன்தான் பிடிச்சான். அவன் தென்காசிக்குக் குடி போயிட்டான்.

நாங்க சைவம், மீனத் தொடமாட்டோம். ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டக் காப்பாத்துததுல எங்க வீட்டுக்குத்தான் மொதப் பாத்தியதை. வருசா வருசம் தை மாசம் அறிவிப்ப எழுதிப் பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டுதது நானு. இத மறக்காம எழுதிக்கிடுங்க. நான் விஷத்த வச்சப்போ, மனுசர் ஆரும் அந்த மீனத் தின்னமாட்டாவன்னு நம்பினதுக்கு இதான் ஆதாரம்.

ஆமா, வச்சது நானு. பேனாவ நிறுத்தாதீங்க.

நீங்க திண்டுக்கல் பக்கத்துக்காரரு, வந்து மூணு மாசம்தான் ஆவுது, இந்தத் தீம் பார்க் கதை முழுசாத் தெரிஞ்சிருக்காது. குளத்து மேல்கரைய ஒட்டி அறுபத்தஞ்சு ஏக்கர். அதுல செயற்கை அலையாம், சறுக்காம், ராட்டினமாம், ஆயிரம் காரு நிக்க இடமாம். குற்றாலத்துக்கு வார கூட்டத்த இங்கன திருப்பிரலாம்னு எவனோ ஒரு வெளங்காதவன் சொல்லியிருக்கான். தண்ணி தாமிரபரணிக் கால்வாயில இருந்து. பிசான நெல்லுக்கே தண்ணி வந்து சேரலன்னு கடைமடைக்காரன் ரோட்டுல உக்காருத சீமையில, எங்கிருந்தோ வாரவன் சறுக்கி விளையாடத் தண்ணி இருக்காம். கேட்டப்பமே எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. இப்பமும் வருது.

அதவிட அந்த அறிக்கை. சுற்றுச்சூழல் ஆய்வறிக்கைன்னு முந்நூறு பக்கம். ஊர்ல அத முழுசாப் படிச்சவ நான் ஒருத்திதான். திட்டப் பகுதியில் காகம், மைனா, தவிட்டுக்குருவி மட்டுமே காணப்பட்டனன்னு எழுதியிருக்கான் பாவி. எப்பம் வந்து பாத்தான் தெரியுமா? புரட்டாசியில. குளம் வத்திக் கெடக்க மாசத்துல. கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் மண்டபத்துக்குப் போயி, இங்க ஒரு விருந்தாளியும் இல்லன்னு எழுதிட்டு வந்த கதை. கேப்பையில நெய் வடியுதுன்னு அவன் சொன்னான், ஆபீஸ்காரனும் தலைய ஆட்டிக் கையெழுத்தப் போட்டுட்டான்.

நான் பதினெட்டு வருசமாத் தை மாசம் கரையில நின்னு பறவை எண்ணுதேன். போன வருசம் எட்டாயிரத்து முந்நூத்திச் சொச்சம். அந்த நோட்டையெல்லாம் பையில போட்டுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கினேன். இங்க போங்க, அங்க போங்க, சார் லீவு, சார் மீட்டிங். கடைசியில ஒரு ஆபீசர், எம் மாணவன் வயசு இருக்கும், சிரிச்ச முகமாச் சொன்னான். பறவை இருக்குன்னு காட்டினா போதாதும்மா, பாதிப்பு வரும்னு காட்டணும்னு. நான் நன்றி சொல்லிட்டு வந்தேன். அந்தப் பேச்சு மனசுல தங்கிட்டு.

நெலத்த வித்தது ஆருன்னு கேப்பீங்க. எங்கூடப்பிறந்த தம்பி ஞானசம்பந்தன்தான். அந்த அறுபத்தஞ்சுல நாப்பது எங்க தாத்தா காலத்து நெலம். பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு ஒரு போன்ல வித்துட்டான். நான் கல்யாணம் பண்ணிக்கிடாதவளாம், எனக்கு வீடும் கொல்லைத் தோட்டமும் தாராளமாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அந்த ஆத்திரத்துல இதச் செஞ்சேன்னு நீங்க எழுதப்படாது. நெலம் வேற, குளம் வேற. நெலத்துக்காக நான் ஒரு நாளும் போராடினதில்ல.

மாசி மாசம் கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சாவ. அம்பாசமுத்திரம் ரோட்டுல ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டின வாழைகூட அவுக்கல. கம்பெனிக்காரன் வேன் வச்சு ஆளக் கொண்டாந்திருந்தான், ஆளுக்கொரு தக்காளிச் சோத்துப் பொட்டலம். எனக்குப் பத்து நிமிசம் குடுத்தாவ. நான் படத்தையெல்லாம் காட்டிப் பேசினேன். எந்தப் பறவை எங்க இருந்து வருது, ஒரு கூட்டுல எத்தன குஞ்சு, அந்தப் பார்க்கோட சத்தத்துலயும் வெளிச்சத்துலயும் அதுக எப்படி முட்டைய விட்டுட்டுப் பறந்துரும், எல்லாம் சொன்னேன். பொட்டலத்துக்கு வந்த சனம்கூடக் காது குடுத்துக் கேட்டுது. நம்ம பக்கம் ஜெயம்னு நெனச்சேன்.

அப்பம்தான் இசக்கியம்மா எந்திரிச்சா.

அவ ஆருன்னு சொல்லணும். மாஞ்சோலை எஸ்டேட்டுல கொழுந்து பறிச்சவ. அங்க வேலை முடிஞ்சுபோயி எல்லாரும் கீழ எறங்கினப்போ, புருசன் பெருமாள்ராஜும் மக சுகன்யாவுமா எங்க ஊர்ல வாடகைக்கு வந்து சேர்ந்தா. மலைக் குளிர்ல கெடந்த ஒடம்புக்குக் கீழ வெயிலும் தாங்கல, வேலையும் கெடைக்கல. அம்பது வயசுக்காரிய நாத்து நட ஆரு கூப்பிடுவா? எழுதப் படிக்க வராது. ரேசன் கார்டுக்கு, வீட்டு மனைக்கு, ஆதார்ல விலாசம் மாத்தன்னு அவ குடுத்த மனு அத்தனையும் என் கையெழுத்து. பதிலுக்கு நான் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினதில்ல. டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவா. கோயிலுக்கு எந்த வாசல் வழியாப் போகணும், எந்தப் படித்துறையில துவைக்கலாம், எந்த மரத்துல விறகு ஒடிக்கலாம், எல்லாத்துக்கும் எங்கிட்ட வந்துதான் கேப்பா. வந்தேறி வழக்கத்த மீறிட்டான்னு ஒரு பேச்சு வந்துரப்படாதுன்னு அவளுக்கு அப்படி ஒரு பயம்.

அந்த இசக்கியம்மா மைக்கப் பிடிச்சா. பேச்சு தடுமாறல.

“நாங்க மலையில நாலு தலைமுறை கெடந்தோம். காடு வேணும், புலி வேணும்னாவ. சரின்னு எறங்கிட்டோம். இப்பம் நாரை வேணும்னு சொல்லுதாவ. இருக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. எம் மகளுக்கு அந்தப் பார்க்குல டிக்கெட் குடுக்குத வேலை தாரோம்னு சொல்லியிருக்காவ. புலிக்குக் காடு இருக்கு. நாரைக்கு மரம் இருக்கு. எனக்கு என்ன இருக்குன்னு ஆராவது சொல்லுங்க.”

அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. என்னையப் பாத்துத் திரும்பினா.

“டீச்சரம்மா எனக்குத் தெய்வம் மாதிரி. ஆனாலும் கேக்குதேன். நெலத்த வித்தது அவுக தம்பி. அவுகளுக்கு மாசம் பொறந்தா பென்சன் வருது. வேலை வேண்டாம்னு சொல்ல அவுகளால முடியும். என்னால முடியாது.”

கைதட்டல் தம்பி. பொட்டலத்துக்கு வந்தவன் தட்டினா நான் கண்டுக்கிட மாட்டேன். எங்க குழுவுச் செயலாளர் தாணுமாலையன் அண்ணாச்சி, எம் பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கிட்டுத் தட்டுதாரு. கேட்டதுக்கு, கை தானாத் தட்டிட்டு டீச்சர், என்ன செய்யன்னாரு. முப்பத்தி நாலு வருசத்துல ஒரு வகுப்புல ஒரு பிள்ள என்னைய எதுத்துப் பேசினதில்ல. ஒரு மனுகூடச் சொந்தமா எழுதத் தெரியாதவ, நான் சொல்லிக் குடுத்து நாலு பேரு முன்ன நிக்கப் படிச்சவ, எங்குடும்பத்த இழுத்து மேடையில வச்சுட்டா. எனக்கு வந்த கோவத்த நான் வெளிய காட்டல. அவ எறங்கி வரும்போது என்னையப் பாத்து ஒரு கும்பிடு போட்டா. நானும் தலைய ஆட்டினேன்.

மறுநாளே வீட்டுக்கு வந்துட்டா. மனசுல வச்சுக்கிடாதீங்க டீச்சரம்மா, வயிறு பேசிட்டுன்னு அழுதா. சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். கொல்லையில அவளுக்குன்னு வச்சிருக்க தம்ளர்ல காப்பி ஆத்திக் குடுத்தேன். எதுக்கு நிமிந்து பாக்குதீங்க? அது எங்க வீட்டு வழக்கம். அவ ஒரு நாளும் அதத் தப்பா எடுத்ததில்ல. குடிச்சு முடிச்சுக் கழுவிக் கவுத்திட்டுப் போவா. அன்னைக்கும் அப்படித்தான் போனா.

பத்து நாள் கழிச்சுக் கூட்ட நடவடிக்கை வெளிய வந்துது. பெரும்பான்மையோர் திட்டத்தை வரவேற்றனர், ஒருசிலர் பறவைகள் குறித்துக் கவலை தெரிவித்தனர். ஒருசிலர். பதினெட்டு வருசத்து நோட்டு, எட்டாயிரம் பறவை, ஒருசிலர். அந்தத் தாள நான் சுக்குச் சுக்காக் கிழிச்சேன். அதுக்கு அடுத்த வாரமே மேல்கரையில லாரி வந்து நின்னு போர் போட ஆரம்பிச்சாச்சு. அதுக்கு மேற்பார்வைக்கு வந்தவன்தான் தேவமணி. தகரத்துல ஒரு ஷெட்டு, பத்துப் பதினஞ்சு டிரம்மு, நாள் பூரா கடமுடான்னு சத்தம். நாலு கூட்டுல முட்டைய விட்டுட்டு நாரைக எந்திரிச்சுப் போயிட்டு. நான் படம் எடுத்து அனுப்பினேன். காத்துல விழுந்திருக்கும்னு பதில் வந்துது.

பாதிப்பு வரும்னு காட்டணும்னு அந்த ஆபீசர் சொன்னான்லா. அத நெனச்சேன். அம்மை வராம இருக்க அம்மைக் கிருமியவே கொஞ்சம் ஒடம்புக்குள்ள விடுதோம். இருபது முப்பது பறவை போனா எட்டாயிரம் பொழைக்கும். இது கணக்கா பாவமான்னு நான் ரெண்டு நாள் யோசிச்சேன். அழுதேன் தம்பி. ஒவ்வொரு கூட்டையும் எனக்குத் தெரியும். வேலியே பயிர மேஞ்ச கதையால்லா இருக்குன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணிச்சு. வேற வழி ஒருத்தரும் வைக்கல.

நாளத் தேர்ந்தெடுத்தது பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள். எங்க பக்கம் உத்திரத்துக்கு அவங்கவங்க குடும்பச் சாஸ்தா கோயிலுக்குப் போயே ஆகணும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா, ஒவ்வொண்ணும் ஒரு காட்டுல, ஒரு ஆத்தங்கரையில. துபாய்ல இருக்கவன்கூட வந்துருவான். முந்தின நாள் விடியக் கருக்கல்லயே சட்டி பானை, அரிசி, கெடா எல்லாம் வேன்ல ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டா ஊர்ல நாய்தான் மிச்சம். கம்பெனி ஆளுகளும் லீவு விட்டுப் போயிட்டாவ. நான் சாயங்காலம் வாரேன்னு சொல்லி எங்க சொந்தக்காரங்க வேன அனுப்பிட்டேன்.

கொல்லை ஷெட்டுல ஞானசம்பந்தன் வச்சிட்டுப் போன பழைய பூச்சிமருந்து இருந்தது. காலம்பற அஞ்சரைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். மேல்கரை மூலையில ஒரு பள்ளம், தண்ணி முழங்கால் அளவுதான், குஞ்சுக்கு இரை எடுக்க நாரைக மொதல்ல வந்து எறங்குத எடம். அங்க விட்டேன். காலி டப்பாவத் தேவமணி ஷெட்டுப் பின்னால வச்சேன். நான் செஞ்சதுலயே எனக்குப் பிடிக்காத காரியம் அதான். அவன் என்னையப் பாக்கும்போதெல்லாம் ஸ்தோத்திரம் டீச்சர்னு சொல்லுவான்.

அளவு தப்பிட்டு. அதுக்கு நீங்க என்ன தண்டனை வாங்கிக் குடுத்தாலும் ஏத்துக்கிடுதேன். இருபது முப்பதுன்னு நெனச்சது நானூத்திப் பன்னெண்டு ஆயிட்டு. மஞ்சமூக்கு நாரை இருநூத்தி எழுவது, மிச்சம் கூழக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம். செத்தத எண்ணினதும் நான்தான், வேற ஆருக்கு அடையாளம் தெரியும்? அதோட முடியல. தாய் வராத கூட்டுல குஞ்சுக மூணு நாளாக் கத்திச்சு. ஒவ்வொண்ணா நின்னுது. நான் மூணு நாளும் மரத்தடியில உக்காந்திருந்தேன். பச்சைத் தண்ணி பல்லுல படல. ஊரே என்னையப் பாத்து அழுதுது.

இசக்கியம்மா அந்த மீனத் தின்னு உத்திரத்தன்னைக்கு மத்தியானம் பெரியாஸ்பத்திரியில போய்ச் சேர்ந்துட்டா. அவ குழம்பு வச்ச அன்னைக்குப் பெருமாள்ராஜ் வீட்டுல இல்ல. அவங்க சாஸ்தா மேல மாஞ்சோலைப் பக்கம் இருக்கு, உத்திரத்துக்கு மட்டும் போயிட்டு வர விடுங்கன்னு காட்டு இலாகா செக்போஸ்ட்டுல கெஞ்சிக்கிட்டு நின்னிருக்கான். சுகன்யா அம்பாசமுத்திரத்துல ஜவுளிக் கடையில வேலைக்கு நின்னா, ராத்திரி வந்துதான் அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருக்கா. அதனால அவ ஒருத்தியோட போச்சு. மலைச் சனத்துக்குச் சாஸ்தா மலையில இருக்கும், அங்க போக முடியாது, அதனால ஊர்லதான் இருப்பாவங்கது எனக்குத் தோணவே இல்ல. உத்திரத்துக்கு ஊர் காலியாயிரும்னுதான் அறுபத்தி மூணு வருசமா எனக்குத் தெரியும்.

நான் அவளுக்கு ஒரு கொறையும் வைக்கல. அடக்கத்துக்கு முன்ன நின்னேன். குழுவுல சொல்லி அவ படத்தப் பெருசாப் போட்டு, இசக்கியம்மாளுக்கு நீதி வேண்டும்னு ஊரெல்லாம் ஒட்டினோம். வண்ணாரப்பேட்டையில இருந்து கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் மூவாயிரம் பேரு நடந்தாவ. ஒருசிலர்னு இனி எவன் எழுதுவான்? சுகன்யா பேருல மனு எழுதினேன். என் தாயாரைப் பலி கொண்ட இப்பூங்கா எங்கள் மண்ணுக்கு வேண்டாம்னு. அந்தப் பிள்ள வாசிச்சுப் பாத்துட்டு, அம்மா பார்க் வேணும்னுதான டீச்சர் சொன்னான்னு கேட்டா. இப்பம் இருந்தா வேண்டாம்னுதான் சொல்லுவான்னேன். கையெழுத்துப் போட்டுட்டா. நல்ல பிள்ள.

போன வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்துட்டு. திட்டம் ரத்து. குளமும் மேல்கரையும் பறவைக் காப்பிடமா அறிவிக்கப் போறதா எழுதியிருக்கு, வாசிச்சு வாசிச்சுத் தாளே கசங்கிட்டு. அதான் இன்னைக்கு வந்தேன். முன்னக்கூட்டியே வந்து சொல்லியிருந்தா ஆர்டர் வந்திருக்காது. பறவையும் வீணாச் செத்திருக்கும், அவளும் வீணாச் செத்திருப்பா. தேவமணி நாப்பத்தேழு நாள் உள்ள இருந்ததுக்கு நான் அவன் வீட்டுல போய் மன்னிப்புக் கேப்பேன். பொய் சொல்லித் தப்பிக்கணும்னா இங்கன வந்து உக்காந்திருப்பேனா?

அவ்வளவுதான். குடுங்க, கையெழுத்துப் போடுதேன்.

இது என்னது? சுகன்யா குடுத்த வாக்குமூலமா. எப்பம் குடுத்தா? அன்னைக்கேவா.

வாசிக்கேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியில அம்மா திரும்பத் திரும்ப ஒண்ணையே சொன்னா, ‘நான் டீச்சரம்மாட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன், ஊர்ல சொல்லிரு’ன்னு சொன்னா. ஜன்னி கண்ட பேச்சுன்னு நீங்க ஓரத்துல எழுதி வச்சிருக்கீங்க. சரி.

கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி.

ஜன்னி இல்ல. அவ சொன்னது உள்ளதுதான். மறைக்கணும்னு இல்ல, நீங்க கேக்கல, நானும் சொல்லல. டப்பாவ வச்சிட்டுக் கரை வழியா நான் திரும்பி வாரேன். ஏழு மணி இருக்கும். எதுக்க இசக்கியம்மா வாரா. மடியில ஈரம் சொட்டுது. என்னையப் பாத்ததும் பயந்துபோயி நின்னுட்டா. மடிய அவுத்துக் காட்டினா. கெண்டையும் கெளுத்தியுமா ஒரு ரெண்டு கை அள்ளு இருக்கும். ஒண்ணு ரெண்டு இன்னும் வாயத் தொறந்து தொறந்து மூடுது.

“டீச்சரம்மா, சாஸ்தா சத்தியமா நான் வலை போடல, தூண்டில் போடல. மேல்கரைப் பக்கம் அதுவா வந்து ஒதுங்கிக் கெடந்துது. வலை போட்டாத்தான குத்தம்? ஒதுங்கினத எடுக்கலாம்லா? நாளைக்கு உத்திரம், இன்னைக்கே குழம்பு வச்சு முடிச்சிருவேன்.”

விஷம்னு அவகிட்டச் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. ஆடி வரைக்கும் ஒரு பொடி மீனக்கூடத் தொடப்படாது இசக்கின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அங்கனயே கொட்டிட்டு என்னையக் கும்பிட்டுட்டுப் போயிருப்பா. எனக்கு அது தெரிஞ்சுது. மண்டபத்துல தட்டின கைதட்டல் அப்பம் எனக்கு நெனவுக்கு வரவே இல்ல, நீங்க கேக்குததுக்கு முன்ன நானே சொல்லிருதேன். நான் நின்னு நிதானமா யோசிச்சேன். நான் எழுதி ஒட்டின அறிவிப்புல வலைக்குத் தடை இருக்கு, தூண்டிலுக்குத் தடை இருக்கு. ஒதுங்கினதுக்குத் தடை இல்ல. எடுக்கலாம் இசக்கி, குத்தமில்லன்னு சொன்னேன்.

அவ கேட்டது ஊர் வழக்கத்தப் பத்தி. நான் சொன்னது சரியான பதில். அத அப்படியே எழுதிக்கிடுங்க.